பதினேழாம் நம்பர் பாட்டில்

"ரெண்டு தெரு தள்ளி இருக்கீங்க. ஒன்பது நாளா எட்டிக்கூடப் பார்க்கலைன்னா என்ன அர்த்தம்—"

"நீ மட்டும் என்ன கிழிச்சே? அஞ்சு வாரமா ஒரு போன் உண்டா—"

"பண்ணினேன் அத்தை! போன ஞாயித்துக்கிழமை பண்ணினேன். ஸ்விட்ச் ஆஃப்—"

"எடுத்திருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்பே? வண்டியை வித்துடுவேன், ஷெட்டுக்குப் பூட்டுப் போடுவேன். கடைசியா அதைத்தானே சொன்னே? பெத்த அப்பனை மிரட்டுற பொண்ணோட போனை யாருதான் எடுப்பா?"

"கை வெந்து போய் நின்னாரு! காஸ்டிக் சோடாவை வெறுங்கையால அள்ளுறவரை மிரட்டாம மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா எனக்கு இன்னும் ரெண்டு காது வாடகைக்குத்தான் எடுக்கணும்" என்றார் சர்வேயர்.

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, இதில் எந்த அடி நிஜம், எந்த அடி சுத்தியலால் கொடுத்தது என்று எழுதித் தந்த பெண்மணி. ஓய்வு பெற்ற பிறகு பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு அறையைப் பிடித்து, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு பலகை மாட்டியிருந்தார். கூட இருப்பவன் கொக்கி. பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரியை இருபது வருடம் ஓட்டியவன். லாரியை விற்றுவிட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"காணாம போனது ஆளா, வண்டியா?" என்றான் கொக்கி.

"ரெண்டும்" என்றாள் மகள். பல்செட் செய்யும் வேலை அவளுக்கு, ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில். "அப்பா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். தனியா இருக்கார். ஒரு பழைய டீசல் வேன் வெச்சிருக்கார். சமைச்சு மிஞ்சின எண்ணெயை வாங்கிட்டு வந்து, ஷெட்டுல அவரே பயோடீசல் காய்ச்சி அதுலதான் ஓட்டுவார்."

"எப்போ போனார்?"

"போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம்" என்றாள் அத்தை. "பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். வண்டி போன வாசனை வந்துச்சாம்."

"சத்தம் வரலையா?"

"வாசனைதான் முதல்ல வரும். அண்ணன் வண்டி கிளம்பினா தெருவே ஏதோ பொரிக்கிறாங்கன்னு நினைச்சுக்கும்."

"பின்னாடி போறவனுக்குப் பசிக்குமே" என்றான் கொக்கி. யாரும் சிரிக்கவில்லை.

"போலீஸ்ல சொன்னோம்" என்றாள் மகள். "வயசானவர், சொந்த வண்டியில போயிருக்கார், மனசு மாறினா வருவார்னு சொல்லி அனுப்பிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர் உயிரோட இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம். என் மேல கோவமா இருந்தாலும் பரவாயில்லை."

அத்தை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

*

அத்தை தன் வீட்டுக்குப் போய்விட, மற்ற மூவரும் அப்பாவின் ஷெட்டுக்கு வந்தார்கள். அது வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஒரு நீல டிரம், ஒரு பழைய வாட்டர் ஹீட்டர் தொட்டி, ஒரு தராசு, ஒரு நாற்காலி. ஒரே நாற்காலி. மகள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கொக்கி டிரம்மைத் தட்டினான். கழுத்து வரைக்கும் நிறைந்த ஓசை. மூடியைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தான். "தயார் சரக்கு. தேன் நிறம். மேடம், இவர் ஊரை விட்டுப் போகலை."

"எப்படிச் சொல்றே?"

"பங்க் டீசல் போடுவாராம்மா உங்க அப்பா?"

"செத்தாலும் போட மாட்டார்" என்றவள் அந்த வார்த்தையைச் சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இங்க எந்த பங்க்லயும் பயோடீசல் கிடைக்காது. அதனாலதான் வெளியூரே போறதில்லை. என் வீட்டுக்கு வரச் சொன்னாலும் போறதுக்கு மட்டும் எண்ணெய் பத்தும், வர்றதுக்குப் பத்தாதும்பார்."

"அப்ப சரி. தூரமா போறவர் இருநூறு லிட்டரை இங்கேயே விட்டுட்டு, அந்தக் காலி கேன்களையும் அடுக்குல விட்டுட்டுப் போவாரா? வண்டி இங்கதான் எங்கேயோ கிட்டத்துல நிக்குது."

"இருபது வருஷம் வண்டி இழுத்ததுக்கு மூளையும் கொஞ்சம் கூட வந்திருக்கு" என்றார் சர்வேயர்.

"அதைக் கழட்டி விட மறந்துட்டேன் மேடம்."

சர்வேயர் குனிந்து தரையைப் பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. குழாயில் மாட்டிய ரப்பர் பைப் சுருட்டி வைக்கப்படாமல் கிடந்தது. சுவரில் ஒரு ஆணி. அதில் பாதுகாப்புக் கண்ணாடி, தபாலில் வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல்.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் மகள்.

சர்வேயர் பைப்பையும் கண்ணாடியையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு மேஜைக்குப் போனார். அங்கே ஒரு நோட்டு இருந்தது.

பெயர்கள் இல்லை. எண்கள்தான். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை. ஒவ்வொன்றுக்கும் கிழமை, எத்தனை லிட்டர், எத்தனை கிராம்.

"முதல் நம்பர் என்ன, முப்பது லிட்டர்னு போட்டிருக்கு?"

"அது தெருமுனையில இருக்கிற தொழிற்சாலை கேன்டீன். வாரா வாரம் ரெண்டு டின் குடுப்பாங்க."

"மத்த முப்பது பேரும் சேர்ந்து?"

கொக்கி விரல் விட்டுக் கூட்டினான். "கால் லிட்டர், அரை லிட்டர், ஒருத்தர் ஒரு டம்ளர்... எல்லாம் சேர்த்து எட்டு லிட்டர்."

"அதுக்கு எத்தனை கிலோமீட்டர் சுத்தறார்?"

"இதோ, ஓரத்துல மீட்டர் எழுதியிருக்கார். வாரத்துக்கு எண்பது." கொக்கி நிமிர்ந்தான். "மேடம், அந்த மாதிரிப் பழைய வேன் லிட்டருக்கு ஒன்பது குடுத்தா பெரிசு."

"ஆக ஒன்பது லிட்டர் எரிச்சு எட்டு லிட்டர் கொண்டு வர்றார்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கணக்குத் தெரியாதவரில்லை அப்பா" என்றாள் மகள் மெதுவாக. "லிஃப்ட்ல ஒரு கிலோ கூடினாலும் சொல்லிடுவார். கேன்டீன் எண்ணெயே போதுமே. அந்த முப்பது வீட்டுக்கு எதுக்குப் போனார்?"

கொக்கி எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள். இப்போது நாற்காலியைப் பார்த்தபடி சொன்னான்: "முப்பது வாசல்லயும் முப்பது பேர் 'வாங்க, எப்படி இருக்கீங்க'ன்னு கேப்பாங்கல்ல."

மகள் நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"இந்த கிராம் என்ன கணக்கு?" என்றார் சர்வேயர்.

"அதை எனக்குப் போன்ல பாடமே எடுத்திருக்கார். நான்தான் பல்லு செஞ்சுக்கிட்டே ம் ம்னு கேட்டுப்பேன். எண்ணெயைப் பொரிக்கப் பொரிக்க அதுல புளிப்பு ஏறும். எவ்வளவு புளிச்சிருக்கோ அவ்வளவு காஸ்டிக் சோடா கூடச் சேர்க்கணும். அதனால ஒவ்வொரு பாட்டிலையும் சொட்டு விட்டுச் சோதிப்பார். லிட்டருக்கு ஏழு கிராம், எட்டு, ரொம்பக் கருகினா பத்து."

"புது எண்ணெய்னா?"

"அஞ்சு. அதுக்குக் கீழே போகாது. ஆனா புது எண்ணெயை யார் தூக்கிக் குடுப்பா?"

சர்வேயர் நோட்டைத் திருப்பி அவளிடம் காட்டினார். விரல் பதினேழாம் நம்பர் வரிசையில் இறங்கியது. ஐந்து. ஐந்து. ஐந்து. நாற்பத்தொரு வாரம், நாற்பத்தொரு ஐந்து.

கொக்கி அலமாரியிலிருந்து பதினேழு என்று எழுதிய பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டினான். "இல்லையே மேடம், கறுப்பாத்தானே இருக்கு? அடியில தூள்கூடக் கிடக்கு."

"மோந்து பாரு."

முகர்ந்தான். "கருகின வாசனை."

"என்ன கருகினது?"

இன்னொரு முறை முகர்ந்தான். முகம் மாறியது. "ரொட்டி. கருகின ரொட்டி. பொரிச்ச வாசனையே இல்லை."

"புது எண்ணெயை வாங்கி, ரொட்டியைக் கருக்கிப் பொடி பண்ணிக் கலக்கிப் பழசாக்கியிருக்காங்க. பழைய அடியைப் புது அடின்னு காட்டுறவங்களோட முப்பது வருஷம் குப்பை கொட்டினவ நான். புதுசைப் பழசுன்னு காட்டுற இவ்வளவு பாவமான பித்தலாட்டத்தைப் பார்த்ததில்லை."

"எதுக்கு அப்படிப் பண்ணணும்?" என்றாள் மகள்.

"எண்ணெய் இல்லைன்னா உங்கப்பா அந்த வீட்டுக்கு வர மாட்டாரே."

கொக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "இதுல பாவம் என்ன மேடம் இருக்கு? உங்க கார்ல இல்லாத சத்தத்தைக் கேக்க வாரத்துக்கு ரெண்டு தடவை நான் உங்க வீட்டுக்கு வரலையா?"

"சத்தம் இருக்கு" என்றார் சர்வேயர்.

"இருக்கு மேடம். நல்லாவே கேக்குது."

சர்வேயர் பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்தார். "கிளம்புங்க. அவர் வரலைன்னா தேடுற ஆள் ஊர்ல ஒருத்தராவது இருக்கணும். அது பதினேழுதான்."

*

பதினேழு எங்கே என்று நோட்டில் இல்லை. ஆனால் திங்கள், செவ்வாய், வெள்ளி, சனி எல்லாம் ஆறு ஏழு வீடு என்றிருக்க, வியாழன் மட்டும் மூன்றே வீடு. பதினாறு, பதினேழு, பதினெட்டு. பதினாறாம் நம்பர் எண்ணெய் வந்தது பஸ் டிப்போவின் முத்திரை போட்ட கேனில். பதினெட்டு ஒரு பேக்கரியின் வினிகர் ஜாடியில். இரண்டு இடங்களும் கொக்கிக்குத் தெரியும். ரெண்டிலும் வண்டி இழுத்திருக்கிறான்.

"டிப்போவுக்கும் பேக்கரிக்கும் நடுவுல ஒரே ரோடு" என்றான் ஓட்டிக்கொண்டே. "ரெண்டு பக்கமும் சேர்த்து நூறு வீடு இருக்கும். ஒவ்வொரு கதவாத் தட்டி 'ரொட்டியைக் கருக்கினது நீங்களா'ன்னு கேக்கலாம்."

"மெதுவாப் போ. ரோட்டைப் பாரு."

"ரோட்டைப் பார்த்துத்தானே மேடம் ஓட்டுறேன்?"

"முன்னாடி இல்லை. ஓரத்துல. அந்த வேன்ல எண்ணெய் போற குழாய் பழைய ரப்பர் ஹோஸா?"

கொக்கி பிரேக்கை மிதித்தான். "அட! பழைய ரப்பர்தான் இருக்கும். இந்த எண்ணெய் ரப்பரைத் தின்னுடும் மேடம். ஊறிப் போய்ச் சொட்ட ஆரம்பிச்சிடும்."

"சொட்டினா?"

"தாரைக் கரைச்சிடும்."

டிப்போவின் பின்பக்கக் கேட் முன்னால் இறங்கிப் பார்த்தார்கள். தார் ரோட்டின் ஓரத்தில் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. கட்டை விரலால் அழுத்தினால் மெழுகு மாதிரி அமுங்கியது.

"வாரா வாரம் கேனை வாங்கி உள்ளே வெச்சுட்டுக் கிளம்பிடுவார். ரெண்டு நிமிஷச் சொட்டு" என்றார் சர்வேயர். "இனி நடப்போம்."

நடந்தார்கள். மகள் எல்லோருக்கும் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ தோட்டைத் தொலைத்தவள் போல. மூடிய ஜன்னல்கள், துணி காயும் மாடிகள், ஒரு தபால் பெட்டி. மத்தியான வேளை, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அறுபதாவது வீட்டருகே அவள் நின்றுவிட்டாள்.

"மேடம்..."

அவள் காலடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தார் கரைந்து குழிந்திருந்தது. சரளைக்கல் வெளியே தெரிந்தது.

கொக்கி சீட்டியடித்தான். "இது ரெண்டு நிமிஷம் நின்ன வண்டி இல்லை. வாரா வாரம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாம நின்ன வண்டி."

எதிரே பச்சை கேட். உள்ளே, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், தார்ப்பாய் போர்த்திய ஒரு உருவம். தார்ப்பாயின் ஓரத்தில் வேனின் பின் விளக்கு எட்டிப் பார்த்தது.

"இதை ஓட்டிட்டு வந்தது அவர் இல்லை" என்றார் சர்வேயர்.

"ஏன் மேடம்?"

"சந்தைப் பாரு. ரெண்டு பக்கமும் நாலு விரல்தான் இடைவெளி. ரிவர்ஸ்ல, ஒரு கீறல் இல்லாம, ஒரே வீச்சுல உள்ளே விட்டிருக்காங்க. டயர் தடம் திரும்பத் திரும்ப இல்லை."

"நானே மூணு தடவை முன்னே பின்னே போவேன்" என்றான் கொக்கி. இந்த ஒப்புதல் அவன் வாயில் அபூர்வம்.

சர்வேயர் கதவைத் தட்டினார்.

திறந்தது ஒரு ஒல்லியான பெண். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, கையில் கடிகாரம். பார்த்தவுடன் முதுகை நிமிர்த்திக்கொள்ள வைக்கும் பார்வை. கொக்கி தன்னையறியாமல் ரெண்டு அடி பின்னால் போனான்.

"டீச்சர்! டிரைவிங் ஸ்கூல் டீச்சர்! என்னை ரெண்டு தடவை ஃபெயில் ஆக்கினீங்களே!"

"ரெண்டு தடவையும் கண்ணாடியைப் பார்க்காம திருப்பினே" என்றாள் அவள். பிறகு மற்ற இருவரையும் பார்த்தாள். "என்ன வேணும்?"

சர்வேயர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

அந்தப் பார்வை தளர்ந்தது. கை கதவைப் பிடித்துக்கொண்டது.

"எனக்குப் பொரிச்சது ஒத்துக்காது" என்றாள் டீச்சர், கேட்காத கேள்விக்கு. "அவர் முதல் தடவை வந்து பழைய எண்ணெய் இருக்கான்னு கேட்டார். இல்லைன்னு சொன்னா போயிடுவார். கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்களும் நின்னு போயி மூணு வருஷமாச்சு. அன்னிக்குக் காலையிலேருந்து நான் யார்கிட்டயும் பேசலை. இருக்கு, அடுத்த வியாழக்கிழமை வாங்கன்னுட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "தயவு செஞ்சு அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. பழைய எண்ணெய்னு நம்பித்தான் வர்றார்."

"அவருக்குத் தெரியும்" என்றார் சர்வேயர்.

"எப்படி?"

"முதல் வாரத்துலேருந்தே தெரியும். ஒவ்வொரு வாரமும் சோதிச்சு, புது எண்ணெய்க்கு என்ன எழுதணுமோ அதையே எழுதி வெச்சிருக்கார். நாற்பத்தொரு வாரமா."

டீச்சர் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா வந்தார்?"

அதற்குள் மகள் முன்னால் வந்துவிட்டாள். "எங்கப்பா எங்கே? உயிரோட இருக்காரா?"

டீச்சர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். மூக்கைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மூக்கு அப்படியே அப்பாவுடையது. "இருக்காரும்மா. நல்லா இருக்கார். உள்ளே வாங்க, சத்தம் போடாம."

முன்னறையில் நின்றபடியே, தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தாள்.

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு வேன் வரவில்லை. நாலேகால் ஆனது. நாற்பத்தொரு வாரத்தில் ஒரு நாளும் தாமதமானதில்லை. எண்ணெய்க்காக அவர் கொடுத்துவிட்டுப் போகும் பாட்டிலில் ஷெட்டின் விலாசம் ஒட்டியிருந்தது. ஆட்டோ பிடித்துப் போனாள். அங்கே அவர் காஸ்டிக் சோடாக் கலவை தெறித்து, ரெண்டு கண்ணிலும் பட்டு, தண்ணீர் பைப்பைக் கண்ணில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இருந்த போனும் நனைந்து செத்துப் போயிருந்தது. கூப்பிட யாருமில்லாமல் முக்கால் மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார்.

"வேனை எடுத்து நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விடாம தண்ணி ஊத்தினதாலதான் தப்பிச்சார்னு டாக்டர் சொன்னார். திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கிறாங்க. ஒரு கண்ணு நிச்சயம் தெரியும்னாங்க. இன்னொண்ணு பார்த்துத்தான் சொல்லணும்னாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" மகளின் குரல் உடைந்தது.

"தினம் சொல்றேன். தினம் அவர் நாளைக்கும்பார். கட்டோட பார்த்தா பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா, வண்டி போயிடும், வியாழக்கிழமை போயிடும். பிரிச்சப்புறம் நானே பேசறேன்னு..." டீச்சர் நிறுத்தினாள். "நானும் அதிகமா வற்புறுத்தலை. அது என் தப்பு. ஒன்பது நாளா இந்த வீட்டுல ரெண்டு தட்டு கழுவுறேன்."

சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொக்கிக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. தோன்றாததில் அவனுக்கே ஆச்சரியம்.

டீச்சர் பின்னறைக் கதவைக் கைகாட்டினாள். மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரெண்டு கண்ணையும் சேர்த்து வெள்ளைக் கட்டு. கன்னத்தில் சிவந்த புள்ளிகள். மடியில் வேனுக்கு மாட்ட ஒரு புது ஹோஸ். அதன் நீளத்தை விரல்களாலேயே சாண் சாணாக அளந்துகொண்டிருந்தார். ஐந்து வாரத்துக்கு முன்னால் போனில் கத்தினாரே, அந்த ஆள் இல்லை. ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். தரைப் பலகை ஒன்று கிறீச்சிட்டது. அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வாங்க டீச்சர். வாசல்ல பேச்சுக் குரல் கேட்டுச்சே, யாராவது டிரைவிங் கத்துக்க வந்தாங்களா?"

அவள் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவாள்.

"உக்காருங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றார் அவர், ஹோஸைக் கீழே வைத்துவிட்டு. "நீங்க சொல்றதுதான் சரி. வண்டியை வித்தா வித்துட்டுப் போறா. எனக்கு அவ குரலைக் கேக்கணும். நம்பர் மனப்பாடமா இருக்கு, நான் சொல்லச் சொல்ல நீங்க அழுத்துங்க. ஆனா ஒண்ணு... இத்தனை நாள் கழிச்சு, எடுத்த எடுப்புல அவகிட்ட என்னன்னு ஆரம்பிக்கிறது, டீச்சர்?"